இல்லாத ராஜாவுக்கு எழுந்து நின்றவர்கள்

புருஷன் செத்துப்போனான் என்று கடிதம் வந்து, கறுப்புச் சேலை கட்டி, கோயிலில் அவன் ஆன்மாவுக்குப் பூசை வைத்து, நாலு வருஷம் ஓடி, மறுகல்யாணத்துக்குப் பூசையில் படிக்கிற மூன்று ஓலையில் இரண்டைப் படித்து முடித்த பிறகு, அந்தப் புருஷன் சினிமாவில் நின்றுகொண்டு ஒரு ராஜாவுக்கு விசிறி வீசினால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? ரோசாவுக்குத் தெரியவில்லை. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொல்லையே அதுதான்.

செய்தியைக் கொண்டுவந்தவள் புஷ்பமேரி, செத்துப்போன அர்மானின் தங்கை. சாயங்காலக் காட்சிக்குப் போனவள் பாதிப் படத்தில் எழுந்து, முக்காடு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக ஓடிவந்தாள். ரோசா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தன் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மிஷினை நிறுத்து. அண்ணன் சினிமாவுல இருக்காரு."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தினி அண்ணன் இருக்காங்க? அர்மான் அண்ணன்தான். தலப்பா கட்டிக்கிட்டு ராஜா பின்னாடி நின்னு விசிறிக்கிட்டு இருக்காரு. சிரிப்பை அடக்குறதுக்கு உதட்டைக் கடிச்சாரு, அதுலதான் கண்டுபுடிச்சேன்."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த ரோசாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. உதட்டைக் கடிப்பது அர்மானின் வழக்கம். ஊரே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் அவனுக்குச் சிரிப்பு வரும். பிரேத ஊர்வலத்தில் வரும், பிரசங்கத்தில் வரும். அவர்கள் கல்யாணத்தன்று, பீடத்துக்கு முன்னால் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்கும்போதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்று திட்டு வாங்கினவன்.

அவன் ஒரு பிரெஞ்சு நீதிபதியின் குடும்பத்தோடு சமையல்காரனாகக் கப்பல் ஏறிப் பாரீசுக்குப் போனான். அந்தக் குடும்பத்தை விட்டு விலகி வேறு வேலை பார்ப்பதாக ஒரு தடவை எழுதினான். என்ன வேலை என்று எழுதவில்லை, வந்து சொல்கிறேன், கேட்டால் சிரிப்பாய் என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்கடுத்து வந்தது ஆஸ்பத்திரிக் கடிதம். மார்ச்சளி கண்டு இறந்துபோனான் என்று அதில் இருந்தது. கூடவே ஒரு சின்னப் பொட்டலம். அதில் ஒரு ஜெபமாலை, ஒரு சீப்பு, ஒரு மோதிரம்.

மோதிரம் ரோசாவின் அப்பாவுடையது. அகலப் பட்டையான வெள்ளி மோதிரம். அர்மானின் மோதிர விரலில் அது நிற்காமல் தொளதொளவென்று கழன்று வந்ததால், உள்பக்கம் நூல் சுற்றி வாங்கி ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டான். குளிக்கும்போதும் கழற்றமாட்டான், மாவு பிசையும்போதும் கழற்றமாட்டான். அந்த மோதிரம் நூலோடு திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் ரோசா அவன் செத்ததை நம்பினாள். கடிதத்தை அவள் நம்பவே இல்லை.

இப்போது புஷ்பமேரி வந்து நிற்கிறாள். "அண்ணன் உயிரோட இருக்காரு. நீ ரவிக்கை தைச்சிக்கிட்டு இருக்கே" என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மிஷினில் கிடந்த நீலத் துணியை அவள் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் போனார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பாரீசில் ஓடித் தேய்ந்து, சைகோனில் ஓடித் தேய்ந்து, பார்க்க ஆளில்லாமல் போன பிறகுதான் பிரெஞ்சுப் படங்கள் அங்கே வரும். திரைக்கு முன்னால் தரை, அங்கே ஆண்கள். பின்னால் நாற்காலிகள், அங்கே உத்தியோகஸ்தர்களும் சொல்தாக்களும்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஊரில் அதுதான் பெயர். பெண்களுக்குப் பக்கவாட்டில் தட்டி கட்டிப் பள்ளமான ஒரு மூலை. படம் பாட்டும் கூத்துமான படம். வாசலில் வைத்திருந்த பலகையில் அதைத் தமிழ்ப்படுத்தி 'ராஜா வேண்டும், ராஜா வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள்.

ரோசாவுக்குப் பிரெஞ்சு கோயில் அளவுக்கும் கடை அளவுக்கும் தெரியும். பாட்டாகப் பாடினால் பிடிபடாது. அதனால் கதை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மொரவோனி என்று ஒரு நாடு. வயிறு பெருத்த ராஜா ஒருவர். பேசவேண்டிய இடத்தில் அவர் பாடினார், மந்திரிகள் பேசினால் தூங்கினார். அரண்மனையில் சூப்பு ஊற்றுகிற ஆளும் அச்சாக ராஜா மாதிரியே இருந்தான். ராஜா வேலை சலித்துப்போய் ராஜா அவனுடைய உடுப்பைப் போட்டுக்கொள்ள, அவன் கிரீடத்தை வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு யார் ராஜா, யார் சூப்பு என்று கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மந்திரிகள் நாட்டுக்கு ராஜா வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். சூப்பு வேஷத்தில் இருந்த ராஜாவே வரிசையில் நின்று, ராஜா வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார். எண்ணிப் பார்த்தால் நாட்டில் இருக்கிற ஜனத்தைவிட ஓட்டு அதிகம். ராஜாதான் ஜெயித்திருந்தார்.

இதையெல்லாம் ரோசா ஒரு கண்ணால்தான் பார்த்தாள். மற்றொரு கண் ராஜாவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே தலைப்பாகை கட்டிய ஆறு சேவகர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மயிலிறகு விசிறி வீசினார்கள். ஐந்து பேர் வெள்ளைக்காரர்கள், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு நின்றார்கள். ஆறாவது ஆளுக்குக் கரி தேவைப்படவில்லை.

அர்மான்தான். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம், கூச்சமில்லாத சந்தோஷம். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் கோபம் வந்துவிட்டது. நான் இங்கே கறுப்பைக் கட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் காஜா எடுத்துக்கொண்டிருக்க, நீ அங்கே ஒரு தொந்திக்காரனுக்கு விசிறிக்கொண்டு நிற்கிறாயா என்று கேட்கத் தோன்றியது. அடுத்த நொடியே, செத்தவன்மேலா கோபப்படுகிறோம் என்று பயம் வந்தது. மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது திரையில் முரசு உருண்டது, எக்காளம் ஊதியது, கொடி ஏறியது. மொரவோனி நாட்டுக் கீதம். கூத்துப் படத்தில் வருகிற கூத்துக் கீதம்தான். ஆனால் அந்த ஊரில் எந்தக் காட்சி முடிந்தாலும் முரசு உருட்டிப் பிரெஞ்சுக் கீதம் வைப்பார்கள், எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். நாற்காலியில் இருந்த கிழச் சொல்தா தனிஸ்லாசின் காதுக்கு முரசு ஒன்றே போதுமாக இருந்தது. விறைத்து எழுந்து, கையை நெற்றியில் வைத்து, "தெபூ, எல்லாரும் எழுந்திரு" என்று ஒரு அதட்டல் போட்டார். வாசலில் போலீஸ்காரர் வேறு நின்றுகொண்டிருந்தார். கொட்டகை மொத்தமும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

பள்ளத்தில் இருந்த ரோசாவுக்கு வரிசை வரிசையாக முதுகுதான் தெரிந்தது. முதுகுகளுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஜனம் உட்கார்ந்தபோது திரையில் ராஜா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கை தட்டுனாங்களே, யாரு?" என்று ரோசா கேட்டாள்.

"விசிறிக்காரங்கதான். கையுறையைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையில தட்டுவாங்களாம். கை மட்டும் பெருசா வருதாம், தரையில இருந்தவங்க சொல்லிக்கிட்டாங்க. நேத்தும் எனக்குத் தெரியல, எழுந்து நின்னுட்டாங்க."

வெறுங்கை என்ற சொல் ரோசாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கையில் மோதிரம் இருந்தால், மோதிரம் பொட்டலத்தில் வருவதற்கு முன்னால் எடுத்த படம் இது. அர்மான் அதற்குப் பிறகு செத்தது செத்ததுதான். மோதிரம் இல்லாமல் அவன் கை தட்டினால், மோதிரம் இங்கே வந்து சேர்ந்த பிறகும் அவன் அங்கே இருக்கிறான், இருந்துகொண்டே ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் விதவையா, புருஷன் உள்ளவளா என்பது அந்த ஆள்காட்டி விரலில் இருந்தது. அதைப் பார்க்கவிடாமல் ஊர் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று ஊரைக் கேட்கிற ஓலையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை படித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை, திங்கட்கிழமை கல்யாண மந்திரிப்பு, புதன்கிழமை விபூதிப் புதன். அதோடு தபசுக் காலம் பிறந்துவிடும், கல்யாணம் நடக்காது.

"ரெண்டு ஓலைக்கும் ஒருத்தர் வாய் திறக்கல. இப்ப ஊரே வாய் திறக்குது" என்றார் சாமியார். "நான் கொட்டகைக்கு வரமுடியாது. அந்தப் படத்துல பிஷப்பாண்டவரைக் கேலி பண்றாங்களாம். நீதான் பாத்துச் சொல்லணும் பிள்ளே. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லு. நீ சொல்றதை வச்சுத்தான் ஓலை."

"எனக்குத் தெரியலன்னு சொன்னா, சாமி?"

"தெரியலன்னா படிக்கமாட்டேன்."

தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேட்டால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். ரோசாவும் கேட்டாள். அங்கேதான் குட்டை குழம்பியது. அர்மான் பேரில் போன தேர்தலில் ஒரு ஓட்டு விழுந்திருந்தது. அவன் செத்து இரண்டு வருஷம் கழித்து விழுந்த ஓட்டு. நகரசபைத் தலைவரான மேரின் கட்சிக்கு ஓட்டுச் சேகரிக்கிற பிரகாசம் அதற்குப் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். செத்தவனை எழுப்பி ஓட்டுப் போடவைத்தார்கள் என்று எதிர்க்கட்சி வடிவேல் மனுக் கொடுத்துவிட்டு, விசாரணைக்குக் காத்திருந்தார். இந்த நேரத்தில்தான் அர்மான் திரையில் வந்து விசிறி வீசினான்.

பிரகாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ரோசாவின் வீட்டுக்கே வந்து நின்றார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே தங்கச்சி, அவன் உயிரோட இருக்கான். வந்தான், ஓட்டுப் போட்டான், போயிட்டான். கையில மோதிரம் கீதிரம் ஒண்ணும் இல்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பாரீசுலேர்ந்து ஓட்டுப் போட வந்தவரு வீட்டுக்கு வராமலா போவாரு அண்ணா?"

"அவசரமா வந்திருப்பான்" என்றார் பிரகாசம், கொஞ்சம் யோசித்துவிட்டு.

மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட வடிவேல், மோதிரம் பளிச்சென்று இருந்தது, பத்து விரலிலும் இருந்தது என்று கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். அவர் கோயிலுக்கே போகிறவர் இல்லை. படம் ஓட்டுகிறவனைக் கேட்டால், அந்த இடத்தில் அடுத்த சுருளை மாட்டுவதற்கே தனக்கு நேரம் சரியாக இருப்பதாகச் சொன்னான். பெண்களைத் தரைக்கு விடமுடியுமா என்றால், தட்டியைத் தாண்டி ஒரு கால் வந்தாலும் காட்சியை நிறுத்திவிடுவேன் என்றார் கொட்டகைக்காரர்.

வெள்ளிக்கிழமைக் காட்சி அதைவிட மோசம். படத்து ராஜா நம் மேரைத்தான் குறிக்கிறார் என்று மேர் கட்சிக்குள் எப்படியோ முடிவாகிவிட்டது. ஓட்டு அதிகமாக விழுந்து ஜெயித்தவர் வேறு யார் இருக்கிறார்? ஆகையால் ராஜாவின் கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று பிரகாசத்தின் ஆட்கள் தரையில் நாலா பக்கமும் உட்கார்ந்து காவல் காத்தார்கள். படமே மேரைத் திட்ட வடிவேல் தருவித்த படம் என்று அவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். அதனால்தான் எழுந்து நின்று மானத்தைக் காப்பாற்றவேண்டுமாம். வடிவேலின் ஆட்களோ இது மேர் தன் புகழுக்காகத் தருவித்த படம் என்று நம்பினார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள், பிரகாசத்தின் ஆட்கள் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள், தூக்கினவுடன் இவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பாதிக் கொட்டகை ராஜாவைப் பார்த்து நின்றது, பாதிக் கொட்டகை தனிஸ்லாசைப் பார்த்து நின்றது. திரையில் அர்மான் கை தட்டியதை அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை.

ரோசா வெளியே வந்தாள். வாசலில் யூஜின் நின்றிருந்தார். அவள் கட்டிக்கொள்ளப்போகிறவர், ரொட்டிக்கடைக்காரர், மனைவியை இழந்தவர். சட்டைக் கையெல்லாம் மாவு. ரோசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"நீ என்னா வேண்டிக்கிற ரோசா?" என்று அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டார்.

"தெரியல. உயிரோட இருக்கணும்னு ஆரம்பிக்கிறேன், பாதியில வேற மாதிரி போயிடுது. உங்க முகம் வருது."

"எனக்கும் அதேதான். அவன் இருக்கணும்னு வேண்டிக்கிட்டா நான் பொய்யன். இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டா பாவி. அதான் வேண்டிக்கிறதையே விட்டுட்டு மாவு பிசையறேன்."

"நீங்க போயிப் பாத்துச் சொல்லியிருக்கலாமே. ஆம்பளைங்க பக்கம்தானே."

"நான் பாத்து மோதிரம் இருக்குன்னு சொன்னா நீ நம்புவியா?"

ரோசா நம்பியிருக்கமாட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளத் துடிக்கிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருப்பாள், அந்த நினைப்போடு ஆயுசு முழுக்க அவருக்குச் சோறு போட்டிருப்பாள். அவர் கேட்டது சரியான கேள்விதான். நல்ல மனுஷன் என்று அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தனிஸ்லாசைத் தேடிக்கொண்டு போனாள். கிழவர் கடற்கரையில் தொப்பியும் பதக்கமுமாக உட்கார்ந்து கப்பல் வராத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அர்மானின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் அவனைக் கையில் ஏந்தினவர்.

"மாமா, இன்னிக்குக் கடைசி ஆட்டம். அந்தப் பாட்டுக்கு நீங்க எழுந்திருக்கக்கூடாது."

"அது கீதம்."

"அது நம்ம கீதம் இல்ல மாமா. அப்படி ஒரு நாடே இல்ல. சும்மா கட்டுன கதை."

தனிஸ்லாஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதா? ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சு. ஆனா முதல் நாளு எழுந்துட்டேனே. மறுநாளு உக்காந்தா, முதல் நாளு தப்பா எழுந்தேன்னு ஆயிடும். அப்புறம் இந்த ஊருல எவன் எனக்கு சலாம் வைப்பான்? இப்ப என்னாடான்னா நான் எழுந்திருக்கிறதுக்கு ரெண்டு கட்சிக்காரனும் காத்துக்கிட்டு இருக்கான். நான் என்னா பண்ணட்டும் சொல்லு. முரசு கேட்டா என் காலு என்னைக் கேக்காம எழுந்துக்குது."

"நீங்க கையில ஏந்துன பிள்ளை அது. அந்தக் கையை ஒரு தடவை பாக்கணும்னு கேக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல."

அர்மான் கிழவருடைய வீட்டுக் கோழியைத் திருடிச் சமைத்து, அவரையே விருந்துக்குக் கூப்பிட்டவன் என்பது ரோசாவுக்கு நினைவு வந்தது. அவருக்கும் அதுதான் நினைவு வந்திருக்கவேண்டும், வாய் கோணிக்கொண்டது.

"அவன்தானா அது?" என்றார்.

"அவருதான். இப்ப இருக்காரா இல்லையாங்கிறதுதான் தெரியல."

"பாக்கலாம் போ" என்றார். உட்காருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் ஊசி குத்த இடமில்லை. கடைசி ஆட்டம் என்பதாலும், அடிதடி நடக்கும் என்று பேசிக்கொண்டதாலும் தேங்காய்த்திட்டிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பிரகாசம் தரையில் முன்வரிசையில், வடிவேல் இரண்டு வரிசை தள்ளி. தனிஸ்லாஸ் நாற்காலியில். ரோசா தட்டியை ஒட்டி நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் புஷ்பமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள். அவள் எதற்கு உருட்டினாள் என்பதில் மட்டும் குழப்பமில்லை. அவளுக்கு அண்ணன் வேண்டும்.

ராஜா பாடினார், சூப்புக்காரன் பாடினான், மந்திரிகள் ஓட்டுப் பெட்டிக்குள் பொட்டலம் பொட்டலமாகத் திணித்தார்கள். முரசு உருண்டது.

தரையில் இருந்தவர்கள் வழக்கப்படி பின்னால் திரும்பித் தனிஸ்லாசைப் பார்த்தார்கள். கிழவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் எழுவதற்குத் துடித்தன. ஆனால் உட்கார்ந்திருந்தார். எழப்போன பிரகாசம் பாதியில் நின்றார். சொல்தாவே உட்கார்ந்திருக்கிறார் என்றால் மேலிடத்திலிருந்து ஏதோ உத்தரவு மாறியிருக்கிறது, தனக்குத்தான் தகவல் வரவில்லை என்று நினைத்துச் சட்டென்று உட்கார்ந்தார். அவர் ஆட்களும் உட்கார்ந்தார்கள். மேர் கட்சி பணிந்துவிட்டது என்று வடிவேலின் ஆட்கள் சந்தோஷமாக உட்கார்ந்தார்கள். வாசலில் போலீஸ்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தானும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எதற்காக உட்கார்ந்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

திரை முழுசாகத் தெரிந்தது. சேவகர்கள் கையுறையைக் கழற்றி மேலே வீசினார்கள். கை தட்டினார்கள். கைகள் மட்டும் திரை அகலத்துக்கு வந்தன. முகத்துக்குக் கரி பூசினவர்கள் கையை மறந்துவிட்டிருந்தார்கள். கரிய முகத்துச் சேவகர்களின் கைகள் வெள்ளை வெளேரென்று தட்டின. இத்தனை நாள் எழுந்து நின்று தவறவிட்ட வேடிக்கையைக் கொட்டகை மொத்தமும் முதன்முதலாகச் சேர்ந்து பார்த்து, ஓவென்று சிரித்தது.

கடைசியில் ஒரு ஜோடிக் கறுத்த கை. ஆள்காட்டி விரலில் அகலப் பட்டை மோதிரம். விரலை விரித்துத் தட்டும்போது உள்பக்கத்து நூல்கூடத் தெரிந்தது. அந்த நூலைச் சுற்றினவளே ரோசாதான். பிறகு முகம் வந்தது. மற்றவர்கள் ராஜாவைப் பார்த்து விறைப்பாக நிற்க, அர்மான் உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

மோதிரம் இருந்தது. அப்படியானால் கடிதம் உண்மை, பொட்டலம் உண்மை, நாலு வருஷத்துக் கறுப்பும் உண்மை. அவன் அவளை ஏமாற்றவில்லை. கேட்டால் சிரிப்பாய் என்று எழுதினானே, அந்த வேலை இதுதான். வந்து சொல்லத்தான் அவனுக்கு நாளில்லாமல் போய்விட்டது.

ரோசா எழுந்து நின்றாள். எழவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மொரவோனி நாட்டுக் கீதம் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, நானூறு பேர் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவள் ஒருத்தி தட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தனிஸ்லாஸ் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியை விட்டுவிட்டு மெதுவாக எழுந்தார். இந்தத் தடவை கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை, யாரையும் அதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார். பிரகாசம் அவரைப் பார்த்துப் பாதி எழுந்தார், வடிவேலைப் பார்த்துப் பாதி உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தார்.

வெளியே வந்தபோது கூட்டம் ரோசாவைச் சூழ்ந்துகொண்டது.

"மோதிரம் இருந்துச்சா தங்கச்சி?"

"இருந்துச்சு."

"அப்ப உயிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?" என்றார் பிரகாசம்.

"செத்துட்டான்னு அர்த்தம்யா" என்றார் வடிவேல்.

"அது எப்படி? மோதிரம் போட்டுக்கிட்டு இருக்கிறவன் எப்படிச் சாவான்?"

இரண்டு பேரும் அதை அங்கேயே நின்று பேசித் தீர்க்க ஆரம்பித்தார்கள். ரோசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு யூஜின் நின்ற இடத்துக்கு வந்தாள். அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. மோதிரம் அவள் வீட்டுப் பெட்டியில் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா சிரிச்சாரு" என்றாள் ரோசா. "கடைசியில அடக்க முடியாம சிரிச்சிட்டாரு."

"நாளைக்கு ஓலை வேணாம்னா சொல்லு. ஈஸ்டர் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"படிக்கட்டும்" என்றாள். பிறகு அந்தத் தெருவிலேயே, நாலு வருஷத்துக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரித்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். யூஜின் பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்வை படாதபடி மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையைப் படித்தார். இவர்களுக்குள் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் வெளிப்படுத்தக் கடவார்கள் என்று நிறுத்தி, கோயில் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். பிரகாசம் எழலாமா என்று தனிஸ்லாசைப் பார்த்தார். கிழவர் அசையவில்லை. ஊரே முகத்தை நீட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்த ரோசா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த புஷ்பமேரி அதைக் கண்டாள். அண்ணி அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று அவளுக்கு விளங்கவில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பேசாமல் இருந்தவள், கையை நீட்டி ரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் ஓலையை மடித்து வைத்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.